அம்மை வார வரைக்கும்

யுத்த காலம். ரங்கூனில் குண்டு விழுந்து நம் ஜனங்கள் காடும் மலையும் நடந்து ஊர் வந்து சேர்ந்தார்களே, அதற்கு மறு வருஷம், ஆடி அமாவாசையன்று குற்றாலத்தில் நடந்தது இது. இதை எழுதவேண்டுமென்று பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்தால் எழுத ஓடாது. எழுந்துபோய்ப் பிள்ளைகள் இருவரும் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வருவேன். இப்போதும் பார்த்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நான் தென்காசியில் பெண்பிள்ளைகள் படிக்கும் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினி. என் கணவர் தாலுகாக் கச்சேரியில் குமாஸ்தா. நல்ல மனிதர், பேச்சு மட்டும் குறைவு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. நாற்பது வயதும் தாண்டி, இனிமேல் இல்லை என்று மனசு ஒருவாறு அடங்கிவிட்ட சமயத்தில்தான் அந்த இருவரும் வந்தார்கள்.

என் கணவருக்குத் தம்பி முறையான ஒருவர் ரங்கூன் துறைமுகத்தில் வேலை பார்த்தார். முதல் குண்டு வீச்சிலேயே போய்விட்டார். அவருடைய மனைவி, எட்டு வயதுப் பெண்ணையும் நாலு வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு மற்றவர்களோடு நடந்து வந்திருக்கிறாள். பாதி வழியில், காட்டுக்குள், காய்ச்சல் கண்டு அவளும் இறந்துபோனாள். கூட நடந்துவந்த ஒரு மனிதர்தான் பிள்ளைகளை இலஞ்சியில் உறவினர்களிடம் கொண்டுவந்து சேர்த்தார். "தாய் செத்தது பிள்ளைகளுக்குத் தெரியாது. அதுகள முன்னாலயே ஒரு கூட்டத்தோட அனுப்பிட்டோம். அம்மை பின்னால வாரான்னு சொல்லி வச்சிருக்கு" என்று பெரியவர்களிடம் தனியாகச் சொல்லிவிட்டுப் போனார். தகப்பனுக்கு இலஞ்சியில் காரியம் செய்தார்கள். தாய்க்கு ஒன்றும் செய்யவில்லை. செய்தால் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுமே என்று எல்லோருமாகச் சேர்ந்து பேசி முடிவு செய்தது அது.

இலஞ்சியில் யாருக்கும் இரண்டு பேரையும் சேர்த்து வைத்துக்கொள்ள வசதி இல்லை. பையனை ஒரு வீட்டிலும், பெண்ணை வேலைக்கு ஒத்தாசையாக இன்னொரு வீட்டிலும் விடுவதாகப் பேச்சு நடந்தது. அந்தப் பேச்சின் நடுவில் நான் இருந்தேன். பிள்ளைகளும் ஓரமாக நின்றிருந்தார்கள். "ரெண்டு பேரையும் நாங்க கூட்டிட்டுப் போறோம்" என்று சொன்னது நான்தானா என்று எனக்கே தெரியவில்லை. என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்ப் பிள்ளைகளின் துணிமூட்டையை எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு வாசற்படியில் நின்றுவிட்டாள் அந்தப் பெண். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, உள்ளே வராமல், வீட்டையே அளப்பதுபோலப் பார்த்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

"உள்ள வா தாயி. அம்மை வார வரைக்கும் இங்கன இருங்க."

அவள் என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு உள்ளே வந்தாள்.

இந்த இடத்தில் என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் திருவேங்கடம் பக்கத்து மானாவாரிக் கிராமத்தில் பிறந்தவள். எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது என் அம்மா பிரசவத்தில் இறந்துபோனாள். அன்று என்னைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் விட்டு, கையில் ஒரு முறுக்கைக் கொடுத்து, கதவைச் சாத்தினார்கள். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்றார்கள். ஊருக்குள் எந்த மாட்டுவண்டி வந்தாலும் ஓடிப்போய்ப் பார்ப்பேன். மறு வருஷம் அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டார். வந்தவள் கெட்டவள் இல்லை. ஆனால் அம்மா இறந்துவிட்டாள் என்று கடைசிவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது என்பதை நானும் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவும் அதைப் பேசாமலே போய்ச் சேர்ந்தார்.

அப்படிப்பட்ட நான்தான் அந்தப் பெண்ணிடம் அதையே சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. எனக்குச் சொல்லப்பட்ட வார்த்தை எனக்குள்ளேயே கிடந்து, தக்க நேரம் வந்ததும் தானாக வெளியே வந்துவிட்டது.

அந்த ஒரு வருஷம் எப்படிப் போயிற்று என்று சொன்னால் பலருக்குப் புரியாது. பையன் பேசவே மாட்டான். ரங்கூனில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவனாம். ரயில் ஊதினால் இருவரும் கட்டிலுக்கு அடியில் போய்விடுவார்கள். பெண், படுக்கும்போது தன் பாவாடை நாடாவைத் தம்பியின் அரைஞாண் கயிற்றோடு முடிந்துகொண்டுதான் தூங்குவாள். என்னைப் பெரியம்மை என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்தார்கள். அவள் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. பக்கத்தில் வந்து நிற்பாள், நானாகத் திரும்பிப் பார்க்கவேண்டும். சொன்ன வேலையெல்லாம் செய்வாள். சொல்லாத வேலையும் செய்வாள். குடம் விளக்குவாள், முற்றம் பெருக்குவாள், அவள் சாப்பிட்ட இலையை நான் தொடுவதற்குள் எடுத்துவிடுவாள். "இவ்வளவு அடக்கமான பிள்ளை கிடைக்குமா" என்று பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்கள் சொன்னார்கள். எனக்கு மட்டும் அந்த அடக்கம் பிடிக்கவில்லை. அது ஒரு விருந்தாளியின் அடக்கம்.

நானும் விடாமல், மழை வந்தால் ஒருதரம், பண்டிகை வந்தால் ஒருதரம், "அம்மை வந்ததும் காட்டலாம், அம்மை வந்ததும் போகலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் தலையை ஆட்டுவாள். கணவர் கச்சேரிக்குப் போனபின், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரு சத்தமும் இல்லாமல் மூன்று பேர் இருப்போம். குழந்தையே இல்லாதபோதுகூட அந்த வீட்டில் நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

இலஞ்சியில் இருக்கும் என் கணவரின் அக்காள், எனக்கு மதினி, மாதம் ஒருமுறை வந்து பார்ப்பாள். ஆடி பிறந்ததும் வந்தவள் சொன்னாள்: "டீச்சரம்மா பாடம் எடுத்தா பயம் போகாது, கேட்டியா? குத்தாலத்துல கொண்டு நிறுத்து. புத்தி பேதலிச்சவுகளையே சங்கிலியோட கொண்டாந்து அந்தத் தண்ணியில நிறுத்தித் தெளியவச்சுக் கூட்டிட்டுப் போறாக. இது என்ன, சின்னப் பயம்."

எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்புகிற விஷயம்தான் அது. படித்தவள் என்றாலும் நானும் பாதி நம்பினேன். வேறு வழி தெரியாதவளுக்குப் பாதி நம்பிக்கையே போதும். அமாவாசையன்று என் கணவர் தம் அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்யக் குற்றாலம் போவது வழக்கம். அவரோடு மதினியும் சேர்ந்து எல்லோருமாக வில்வண்டியில் கிளம்பினோம்.

வழியில் அந்தப் பெண் என் கணவரிடம் தானாகவே பேசினாள். அது அபூர்வம்.

"அங்கன போயி நீங்க என்ன செய்வீக?"

"எங்க அப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் விடணும்."

"அவுக எங்க இருக்காக?"

"செத்துட்டாக."

"பெறகு எப்படிக் குடிப்பாக?"

வண்டிக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "அப்படிக் கேளு தாயி! வருசா வருசம் நானும் விடுதேன். எங்கய்யன் உசுரோட இருந்தப்ப தண்ணி எங்கன குடிச்சாரு, கள்ளுல்லா குடிச்சாரு."

என் கணவர் மட்டும் சிரிக்காமல் பதில் சொன்னார். "மவன் கையால விட்டா அங்க போய்ச் சேருமாம். தாகம் அடங்குமாம்."

"மவன்தான் விடணுமா?"

"ஆமா."

 செத்தவர்களைப் பற்றிய பேச்சு இந்தப் பிள்ளைகளிடம் வேண்டாமே என்று அவரை முழங்கையால் இடித்துவிட்டு, "அங்க பாரு, மரத்துல குரங்கு" என்று பேச்சை மாற்றினேன். அவள் குரங்கைப் பார்க்கவில்லை.

குற்றாலத்தில் காலை வைக்க இடமில்லை. சாரல் பிடித்துக்கொண்டிருந்தது. அருவியில் தண்ணீர் வெள்ளையும் பழுப்புமாகக் கொட்டியது. கணவர் தர்ப்பணம் செய்யும் பக்கம் போய்விட்டார். நாங்கள் பெண்கள் குளிக்கும் பக்கம் போனோம். நெருங்க நெருங்க அந்த இரைச்சல் நெஞ்சுக்குள் இடித்தது. பையன் என் கழுத்தை இறுக்கிக்கொண்டான்.

"ஏட்டி, இடுப்புலயே வச்சிருந்தா பயம் எப்படித் தெளியும்? கொண்டா இங்கன" என்று மதினி அவனைப் பிடுங்கி, நான் தடுக்கும் முன்னே அருவிக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். பத்துப் பெண்களுக்கு நடுவில் அவன் முகம் ஒரு கணம் தெரிந்தது. வாய் முழுவதும் திறந்திருந்தது. அழுகிறானா என்று தெரியவில்லை. அந்த இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. அது அந்தப் பிள்ளைகளுக்கு எந்தச் சத்தத்தை நினைவுபடுத்தும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உள்ளே பாய்ந்து அவனை இழுத்துக்கொண்டு வந்தேன். உடம்பு மரக்கட்டைபோல விறைத்திருந்தது. அவனுடைய அக்காள் பக்கத்தில் அவனைப் பாறைமேல் உட்காரவைத்துவிட்டு மதினியிடம் சண்டைக்குப் போனேன். வாழ்நாளில் அவளை எதிர்த்துப் பேசியது அன்றுதான்.

அவளும் விடவில்லை. "நல்லதுக்குச் செய்தா என்னையே ஏசுதியா? இதுலயும் தெளியலேன்னா ஆளுக்கொரு வீட்ல விட்டுர வேண்டியதுதான். இலஞ்சியில இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காக."

நான் ஏதோ பதில் சொல்லிவிட்டுத் திரும்பினேன். பாறைமேல் பிள்ளைகள் இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு வரிசையாக நினைவில் இல்லை. பெயரைச் சொல்லிக் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. தண்ணீர் விழுந்து ஓடும் பக்கமெல்லாம் ஓடிப் பார்த்தேன். ஒவ்வொரு சுழிப்பிலும் அந்தப் பெண்ணின் பச்சைப் பாவாடை தெரிவதுபோல இருந்தது. பாசியில் வழுக்கி விழுந்து முழங்கால் கிழிந்தது வீட்டுக்கு வந்துதான் தெரியும். யாரோ குளிக்கிறார்கள், யாரோ பொட்டலம் பிரிக்கிறார்கள், யாரோ குரங்கை விரட்டிச் சிரிக்கிறார்கள். அத்தனை கூட்டத்துக்கு நடுவில் நான் ஆறு வயதுப் பிள்ளையாகச் சாத்திய கதவுக்குப் பின்னால் நின்றேன்.

ஈரத்துணி பிழிந்துகொண்டிருந்த ஒரு பெண், "ரெண்டு பிள்ளைக நனைஞ்சுக்கிட்டுக் கோயிலு பக்கம் போச்சுது" என்றாள்.

கோயிலை ஒட்டிய மண்டபத்தில் தர்ப்பணத்துக்கு ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த வரிசையில் ஒரு நடுவயதுப் பெண், ராயகிரியிலிருந்து வந்தவள் என்று பின்னால் தெரிந்தது, தன் மகனைப் புருஷனுக்கு எள்ளும் தண்ணீரும் விடவைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் தம்பியை முன்னால் நிறுத்திக்கொண்டு எங்கள் வீட்டுப் பெண் நின்றாள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத்தான் நினைத்தேன். அவள் பேசுவது காதில் விழுந்ததும் தூணோடு நின்றுவிட்டேன்.

"பெரியவா யாரையாவது அழைச்சுண்டு வா கொழந்தே. இது விளையாட்டில்லே" என்றார் புரோகிதர்.

"பெரியவுக வேண்டாம் சாமி. இவன்தான் மவன். இவன் கையால விட்டாப் போதும்."

"யாருக்கு விடணும்?"

"எங்க அம்மைக்கு."

ராயகிரிப் பெண் திரும்பினாள். "அம்மை செத்துட்டான்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானே பாத்தேன்." அவள் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். "அம்மைக்குக் காய்ச்ச. தண்ணி தண்ணின்னு கேட்டா. எங்கள முன்னால போகச் சொல்லிட்டாக. வழியில ஓடையில தண்ணி கெடந்துச்சு. டப்பால மோந்துக்கிட்டுத் திரும்பி ஓடுனேன். அம்மை வாயத் தொறந்துக்கிட்டுக் கெடந்தா. ஊத்துனேன். உள்ள போகல. வெளிய வந்துட்டு."

புரோகிதர் மந்திரத்தை நிறுத்திவிட்டார்.

"ஏ தாயி, இத உங்க வீட்ல சொல்லலையா?" என்று ராயகிரிப் பெண் கேட்டாள்.

"சொன்னா, அம்மை வரமாட்டான்னு தெரிஞ்சிரும்லா? அம்மை வார வரைக்கும்தான் எங்கள இருக்கச் சொல்லிருக்காக. வரமாட்டான்னு தெரிஞ்சா தம்பிய வேற வீட்ல விட்டுருவாக."

 ஆறுதல் என்று நினைத்து ஒரு வருஷமாக நான் சொல்லிவந்தது அவளுக்கு ஒரு கெடுவாகப் போயிருக்கிறது. அந்தக் கெடு முடிந்துவிட்டது என்பது எனக்குத் தெரியக்கூடாது என்று, குடம் விளக்கி, முற்றம் பெருக்கி, தலையை ஆட்டி, அவள் என்னிடமிருந்து தன் தாயின் சாவை மறைத்துக் காப்பாற்றி வந்திருக்கிறாள்.

ராயகிரிப் பெண் என்னைப் பார்த்துவிட்டாள். "ஏம்மா, தூணப் புடிச்சுக்கிட்டு நிக்கியே, இது ஒம் பிள்ளைகளா? பாத்துக்கிடத் தெரியாதா ஒனக்கு?"

"ஆமா, எம் பிள்ளைகதான்" என்றேன். இரண்டு கேள்விக்கும் சேர்த்து அது ஒன்றுதான் பதிலாக வந்தது.

அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் தம்பியின் கையைப் பற்றிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். நான் அந்த ஈரத்தரையிலேயே அவளுக்கு முன்னால் உட்கார்ந்தேன். 

"எனக்கும் தெரியும் தாயி. ஒங்க அம்மை வரமாட்டா. நாந்தான் பொய் சொன்னேன். வராட்டியும் நீங்க எங்கூடத்தான்."

அவள் யோசித்தாள். "ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்."

"ஒரே வீட்லயா?"

"ஒரே வீட்ல."

"அவுக வந்து கேட்டா?" மதினியைத்தான் சொன்னாள்.

"கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

அதற்குள் என் கணவரும் மதினியும் தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள். ராயகிரிப் பெண் நடந்ததைச் சொன்னாள். கொஞ்சம் கூட்டியே சொன்னாள், எங்களுக்கு வேண்டியதுதான்.  என் கணவர் புரோகிதர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பையனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

புரோகிதர் தாயின் பெயரைக் கேட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் மதினியைப் பார்த்தேன். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு வருஷமாக அவளுடைய பிள்ளைகளுக்குத் தலைவாரிச் சோறு போட்டவள் நான். அவள் பெயரை ஒருநாளும் கேட்கவில்லை. மகள்தான் தெளிவாகச் சொன்னாள். நல்ல பெயர்.

"படிச்சவளுக்கு இதக் கேட்டு வச்சிக்கிடத் தோணலையாக்கும்" என்றாள் மதினி. அடுத்த நொடியே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்குந்தான் தோணல" என்றாள்.

என் கணவர் பையனின் சின்னக் கையைத் தம் கையில் ஏந்தி, எள்ளையும் தண்ணீரையும் விடவைத்தார். மூன்று முறை விட்டதும், போதும் என்றார் புரோகிதர்.

"இன்னும் கொஞ்சம் விடச் சொல்லுங்க சாமி" என்றாள் அந்தப் பெண். "அம்மைக்கு ரொம்பத் தாகமா இருந்துச்சு."

புரோகிதர் செம்பை அவள் பக்கம் நகர்த்திவைத்தார். அவள் ஊற்ற ஊற்ற, பையன் கை வழியாகத் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. செம்பு காலியானதும் ராயகிரிப் பெண்ணின் மகன் எழுந்துபோய் இன்னொரு செம்பு மோந்துகொண்டு வந்தான். அவள் போதும் என்று சொல்லும்வரை யாரும் போதும் என்று சொல்லவில்லை.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய். பையன் பேச இன்னும் பல மாதங்கள் ஆயின. இப்போதும் நிறையப் பேசமாட்டான். அவள் அதுவரை அழாததையெல்லாம் சேர்த்து அழ ஆரம்பித்தாள். சொன்ன வேலையைச் செய்யமாட்டேன் என்று முரண்டு பிடித்தாள். ஒருநாள் மண்குடத்தைப் போட்டு உடைத்தாள். அது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று யாரிடம் சொல்ல முடியும்? இன்றும் அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நானும் கேட்பதில்லை.

அன்று அதே வண்டியில் திரும்பினோம். சாரலுக்குச் சாக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். தென்காசி நெருங்கும்போது அவள் என்னைக் கேட்டாள்.

"ஒங்க அம்மை எங்கன இருக்காக?"

"எங்க அம்மை செத்துட்டா" என்றேன்.

அந்த வார்த்தையை அதுவரை நான் வாயால் சொன்னதே இல்லை. கல்யாணமான புதிதில் என் கணவர் கேட்டபோதுகூட 'இல்லை' என்றுதான் சொல்லியிருக்கிறேன்.  என் கணவர் திரும்பிப் பார்த்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டார்.

"தண்ணி கேட்டாகளா?"

"தெரியல தாயி. என்னைப் பாக்க விடல."

 அவள், தூங்கிக்கொண்டிருந்த தம்பியை மெதுவாக நகர்த்தி என் மடியில் கிடத்திவிட்டு, வண்டியின் மறுபக்கம் போய் உட்கார்ந்து சாக்கை விலக்கி மழையைப் பார்த்தாள்.

பிள்ளைகள் எதையாவது கேட்கும்போது என் நாக்கில் முதலில் வந்து நிற்பது இன்றும் ஆறுதலான ஒரு பொய்தான். அதை விழுங்கிவிட்டு உண்மையைத் தேடும் அந்தச் சிறிது நேரம் முழுவதும் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், அந்தப் பார்வைக்கு முன்னால் இன்னும் பயந்துகொண்டேதான் நான் தாயாக இருக்கிறேன்.